நிலவறையில் ரேடான்: அளவிடுவதிலிருந்து மறுசோதனை வரை

நிலவறையில் ரேடான் என்ற கதிரியக்க வாயு அதிகம் என்று தெரிந்ததும் பலர் முதலில் கையில் எடுப்பது பூச்சுக் கரண்டியை. தரையில் கண்ணுக்குத் தெரியும் விரிசல்களையெல்லாம் அடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதி அடைகிறார்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தால் எண் பெரிதாக மாறியிருப்பதில்லை. மண்ணில் இருக்கும் வாயுவை வீடே உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பு நிற்காத வரை, ஒரு வழியை மூடினால் வாயு அடுத்த வழியில் நுழையும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நகரும்: தரைக்கு மேலே காற்றழுத்தம் எவ்வளவு, தரைக்குக் கீழே எவ்வளவு?

வீடு எப்படி இழுக்கிறது

பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே சிறிதளவு யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான்-222 ஆகிறது. இந்தத் தொடரில் ரேடானுக்கு முன்னும் பின்னும் வருபவை திடப்பொருள்கள். ரேடான் மட்டும் வாயு. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 3.8 நாள். மண்ணின் நுண்துளைகள் வழியே ஊர்ந்து ஒரு வீட்டின் அடித்தளத்தை எட்ட அந்த அவகாசம் போதும்.

உள்ளிழுக்கும் ரேடானில் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடும். தீங்கு செய்வது அதிலிருந்து பிறக்கும் பொலோனியம்-218, பொலோனியம்-214 போன்ற திடத் துகள்கள். அவை காற்றில் மிதக்கும் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் படிந்து, அங்கேயே ஆல்பா கதிர்களை உமிழ்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே ரேடானைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. வீட்டுக் காற்றின் நீண்டகாலச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) உயரும்போதெல்லாம் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 16 விழுக்காடு கூடுகிறது. புகைபிடிப்பவருக்கு அடிப்படை ஆபத்தே மிக அதிகம் என்பதால், அதே 16 விழுக்காடு அவர் விஷயத்தில் பன்மடங்கு கூடுதல் மரணங்களைக் குறிக்கிறது. ரேடான் உள்ள வீட்டில் யாராவது புகைபிடித்தால், கீழே சொல்லப்போகும் எந்த வேலைக்கும் காத்திராமல் அதை நிறுத்துவதுதான் உடனடியாகச் செய்யக்கூடிய பெரிய காரியம்.

இழுப்புக்கு வருவோம். வீட்டுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து மாடி ஜன்னல் இடுக்குகள், கூரை இடைவெளிகள் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. வெளியேறிய காற்றை ஈடுகட்ட, கீழ்ப்பகுதி வெளியிலிருந்து காற்றை இழுக்கிறது. சமையலறைப் புகைபோக்கி விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்தி ஆகிய எல்லாமே இந்த இழுப்புக்கு வலு சேர்க்கின்றன. விளைவாக, நிலவறையின் காற்றழுத்தம் அதைச் சுற்றியுள்ள மண்ணின் அழுத்தத்தைவிடச் சில பாஸ்கல் குறைந்து நிற்கிறது. வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல் என்று நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அற்பம் என்று புரியும். ஆனால் இரவும் பகலும் ஓயாமல் இழுப்பதால் அதுவே போதுமானதாகிவிடுகிறது. குளிர் கூடக் கூட இழுப்பும் கூடும். குளிர்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் ரேடான் ஏறுவது இதனால்தான்.

வேறுபாடு இவ்வளவு சிறியது என்பதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. அதைத் தலைகீழாக மாற்றவும் சிறிய சக்தியே போதும்.

முதல் வேலை: அளவிடுதல்

அடுத்த வீட்டின் அளவையோ வட்டார வரைபடத்தையோ வைத்து உங்கள் வீட்டைத் தீர்மானிக்க முடியாது. மண்ணின் தன்மை, அடித்தளத்தின் கட்டுமானம், வீட்டின் காற்றோட்டம் ஆகிய மூன்றும் வீட்டுக்கு வீடு வேறுபடும். 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கட்டிமுடிக்கப்பட்டுவந்த லிமெரிக் அணுமின் நிலையத்தில் பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ் கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியை ஒலிக்கச் செய்தார். கதிரியக்கம் அவர் மீது ஒட்டியது ஆலையில் அல்ல, அவர் வீட்டில். அந்த வீட்டின் காற்றில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி (கதிரியக்கத்தின் இன்னோர் அலகு) ரேடான் இருந்தது. வீட்டு ரேடானை உலகம் பொதுமக்களின் உடல்நலப் பிரச்சினையாகப் பார்க்கத் தொடங்கியதில் இந்த நிகழ்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அவ்வளவு மோசமான வீடும் சரிசெய்யப்பட்டு, குடும்பம் அங்கேயே திரும்பிக் குடியேறியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அலகுகளில் குழம்ப வேண்டாம். லிட்டருக்கு 1 பிக்கோகியூரி என்றால் கன மீட்டருக்கு 37 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 100 பெக்கரலை வழிகாட்டு அளவாகப் பரிந்துரைக்கிறது. அதை எட்ட முடியாத நாடுகளும் 300-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அமெரிக்கா 4 பிக்கோகியூரியில், அதாவது 148 பெக்கரலில், நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. கனடாவின் வழிகாட்டு அளவு 200. இவை எதுவும் ‘இதற்குக் கீழே ஆபத்தில்லை’ என்று சொல்லும் கோடுகள் அல்ல. 140 காட்டும் வீட்டில் குழந்தைகள் நிலவறையில்தான் தூங்குகிறார்கள் என்றால், கோட்டுக்குக் கீழே இருக்கிறோம் என்று விட்டுவிடாமல் குறைக்கவே சொல்வேன்.

சோதனைக் கருவிகள் இரண்டு வகை. கரித்தூள் நிரப்பிய குப்பிகள் சில நாட்களில் முடிவு தரும். ஆல்பா தடப் பதிவிகள் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை வைக்கப்பட்டு, அந்தக் காலத்தின் சராசரியைச் சொல்லும். ரேடான் மணிக்கு மணி, நாளுக்கு நாள் ஏறி இறங்கும். உடலுக்குக் கணக்கு நீண்டகாலச் சராசரிதான். அவசரம் ஏதும் இல்லையென்றால் குளிர்காலத்தை உள்ளடக்கிய மூன்று மாதச் சோதனையே சிறந்தது. குறுகிய காலச் சோதனைதான் செய்ய முடியும் என்றால், தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களையும் வெளிக்கதவுகளையும் மூடி, சோதனை முடியும் வரை அப்படியே வைத்திருங்கள். போய்வர மட்டும் கதவைத் திறக்கலாம். முடிவு அதிகமாக இருந்தால் இன்னொரு சோதனையால் உறுதிசெய்துகொண்டு செலவில் இறங்குங்கள். வரம்பைப்போலப் பல மடங்கு காட்டினால் மட்டும் நீண்ட சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது.

கருவியை வைக்கும் இடம் முடிவையே மாற்றிவிடும். ஆட்கள் புழங்கும் மிகத் தாழ்ந்த தளத்தில், தரையிலிருந்து குறைந்தது 50 சென்டிமீட்டர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து ஓர் அடியும் ஜன்னல் கதவுகளிலிருந்து மூன்று அடியும் தள்ளி வையுங்கள். குளியலறை, சமையலறை, நிலத்தடி நீர் சேரும் நீர்க்குழியின் அருகு, வெப்பமூட்டியின் காற்றுவாய் ஆகியவை கூடாது. மின்னணு மானி வாங்குவது நல்ல முதலீடு. அதன் இன்றைய எண்ணைப் பார்த்துப் பதறாமல், நீண்டகாலச் சராசரியை மட்டும் பாருங்கள்.

நிலவறையை ஒரு வரைபடமாக்குங்கள்

ஒரு தாளில் நிலவறையின் தரையை வரைந்து, மண்ணோடு தொடர்புள்ள எல்லா இடங்களையும் குறியுங்கள். தரையும் சுவரும் சந்திக்கும் இணைப்பு முதலிடம் பெறும். கான்கிரீட் காயும்போது சுருங்குவதால், அங்கே சுற்றிலும் ஒரு மெல்லிய இடைவெளி பெரும்பாலும் இருக்கும். பிறகு தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தரையைத் துளைத்துவரும் இடங்கள், தரை வடிகால், நிலத்தடி நீரைச் சேர்த்து வெளியேற்றும் நீர்க்குழி, உள்ளே வெற்றிடம் கொண்ட சிமென்ட் கட்டைச் சுவர்களின் திறந்த மேல்முனை, கான்கிரீட் போடாத வெறும் மண் பகுதி. குளியல் தொட்டிக்கு அடியில் வேலைக்காக விட்டுவைத்த துளையைப் பலர் மறந்துவிடுவார்கள். அது மண்ணுக்கு நேரடியாகத் திறந்திருக்கும் கதவு.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஜல்லிப் படுகை இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும், காரணம் அதில் காற்று தாராளமாக நகரும். இறுகிய களிமண்ணோ நுண்மணலோ இருந்தால் உறிஞ்சும் இடங்கள் கூடுதலாகத் தேவைப்படலாம். எரிவாயு அல்லது எண்ணெயில் இயங்கும் வெப்பமூட்டி, நீர்க் கொதிகலன் இருந்தால் அவற்றையும் குறித்துவையுங்கள். பின்னால் அது உயிர் காக்கும் தகவலாகலாம்.

அடைப்பதில் கவனிக்க வேண்டியவை

அடைப்பு மட்டும் தீர்வாகாது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். அப்படியானால் ஏன் அடைக்க வேண்டும்? அடுத்து நாம் தரைக்கடியிலிருந்து காற்றை உறிஞ்சப்போகிறோம். விரிசல்கள் திறந்திருந்தால், ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் நீர் குடிப்பதுபோல, விசிறி மண்ணிலிருந்து இழுக்க வேண்டிய காற்றுக்குப் பதிலாக வீட்டின் காற்றையே இழுத்து வெளியே கொட்டும். சூடாக்கச் செலவழித்த காற்றும் போகும், அழுத்தமும் கிடைக்காது.

விரிசலைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்து, நன்கு உலர்ந்த பிறகு பாலியுரித்தேன் பசையால் அடையுங்கள். அது கான்கிரீட்டோடு ஒட்டி, வளைந்துகொடுக்கும். வெறும் சிமென்ட் பூச்சு அடுத்த பருவத்திலேயே மீண்டும் வெடிக்கும். அகலமான இடைவெளியில் முதலில் நுரைக் கயிற்றைச் செருகி அதன் மேல் பசையிடுங்கள். நீர்க்குழிக்குக் காற்றுப்புகாத மூடி போட்டு, ரப்பர் பட்டையும் திருகாணியும் கொண்டு இறுக்குங்கள். உள்ளிருக்கும் பம்பைப் பழுதுபார்க்க அந்த மூடி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மூடிய பின் தரையில் தேங்கும் நீர் குழிக்குள் போகவும் அதில் ஒருவழி வடிகால் தேவை. சுவரோரம் நீர் வடிவதற்காகவே விடப்பட்ட கால்வாய் இருந்தால் அதை நிரப்பிவிடாதீர்கள். ரேடானைத் தடுக்கப்போய் நிலவறையில் வெள்ளத்தை வரவழைத்ததாகிவிடும். அங்கே நுரைக் கயிற்றை ஆழமாக இறக்கி, அதன் மேல் பசையிட்டு, நீர் ஓடும் பள்ளத்தை அப்படியே விட வேண்டும்.

தரைக்கடி உறிஞ்சல் அமைப்பு

தரையில் ஒரு துளையிட்டு, அதில் குழாய் செருகி, குழாயின் மேல்முனையில் ஓயாமல் சுழலும் விசிறி வைத்து, அடியிலுள்ள வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றுவதுதான் இதன் மொத்த வடிவம். சரியாக அமைந்தால் ரேடானை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைப்பது சாதாரணம். 99 விழுக்காடு வரை போன வீடுகளும் உண்டு. சில இடங்களில் சான்று பெற்றவர் மட்டுமே இந்த வேலையைச் செய்யலாம். மின்இணைப்புக்கு அனுமதியும் தேவைப்படலாம். உங்கள் இடத்து விதியை முதலில் கேட்டறியுங்கள். என் மதிப்பீட்டில், கைவேலை தெரிந்தவர் துளையையும் குழாயையும் சமாளிக்கலாம். மின்இணைப்பையும் புகைபோக்கிச் சோதனையையும் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே சரி. நீங்கள் ஆளமர்த்தினாலும் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அவர் செய்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

1. முதலில் அழுத்தம் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று சோதியுங்கள். உறிஞ்ச நினைக்கும் இடத்தில் சிறு துளையிட்டு, வலுவான வாக்குவம் கிளீனரின் குழாயை அதில் பொருத்துங்கள். அதன் கழிவுக் காற்றை வெளியே விடுங்கள். அது மண்ணிலிருந்து வரும் ரேடான். தூர மூலைகளில் விரல் பருமனுக்கும் குறைவான துளைகள் இட்டு, அவற்றின் வாயில் புகைக்குச்சியைப் பிடியுங்கள். புகை கீழே இழுக்கப்பட்டால் உறிஞ்சல் அங்கே வரை எட்டுகிறது. நுண்ணழுத்தமானி இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம். புகை அசையாத மூலைக்கு இன்னொரு உறிஞ்சுமிடம் தேவைப்படும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேரடியாகப் பெரிய விசிறி மாட்டுபவரை நான் நம்பமாட்டேன். எவ்வளவு பெரிய விசிறியும் களிமண்ணின் மறுபக்கத்தை எட்டாது.

2. துளையிடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குழாய் நேராக மேலே போக வழி இருக்க வேண்டும். நடமாட்டத்துக்கு இடையூறாகக் கூடாது. தரைக்குள் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், தரை வெப்பமூட்டும் குழாய் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். கான்கிரீட் தூசி நுரையீரலுக்குக் கேடு. தகுந்த முகக்கவசம் அணிந்து, தூசியை உறிஞ்சிக்கொண்டே துளையிடுங்கள்.

3. குழாயின் வெளி விட்டத்தைவிடச் சற்றே பெரிய துளையிட்டு, அதன் வழியே கையை விட்டு, ஒரு பெரிய வாளி கொள்ளும் அளவுக்கு மண்ணையோ ஜல்லியையோ அள்ளி எடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் முழு அமைப்பிலும் இதைப்போல் பலன் தரும் படி வேறில்லை. குழி பெரிதாக இருந்தால் உறிஞ்சலின் பரப்பு விரியும். களிமண் தரையில் இன்னும் அதிகமாகவே எடுங்கள்.

4. மூன்று அல்லது நான்கு அங்குல, கனத்த சுவர் கொண்ட பி.வி.சி. குழாயைச் செருகுங்கள். அதன் முனை குழியின் அடியைத் தொடாமல், பட்டைகளால் சுவரிலோ உத்தரத்திலோ தாங்கப்பட வேண்டும். குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலான வளையத்தைப் பாலியுரித்தேன் பசையால் நிரப்புங்கள். கிடையாக ஓடும் குழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது உறிஞ்சுமிடத்தை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். மண் காற்று ஈரமானது; குழாய்க்குள் நீராகப் படியும். அந்த நீர் திரும்பி வடிய வழியில்லாத தாழ்வான வளைவு இருந்தால், அங்கே தேங்கிக் காற்றையே அடைத்துவிடும்.

5. இதற்கென்றே செய்யப்பட்ட விசிறியை வாங்குங்கள். சாதாரண வெளியேற்று விசிறி இந்த ஈரத்தையும் இடைவிடா ஓட்டத்தையும் தாங்காது. அதன் உறையும் காற்றைக் கசியவிடும். ரேடான் விசிறிகள் பெரும்பாலும் 20 முதல் 90 வாட் மின்சாரம் எடுக்கும். விசிறிக்குப் பிறகான குழாயில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், அங்கே ஒரு கசிவு ஏற்பட்டால் செறிந்த ரேடான் நேராக அறைக்குள் பாயும். ஆகவே அமெரிக்க முறையில் விசிறி வீட்டுக்கு வெளியேயோ கூரைக்குக் கீழுள்ள ஆளில்லாப் பரணிலோ வைக்கப்படுகிறது. கடுங்குளிர் நிலவும் கனடாவில், வெளிக்குழாய் உறைந்து அடைபடும் என்பதால், கசிவில்லாத விசிறியை உள்ளேயே வைத்துச் சுவர் வழியாக வெளியேற்றவும் அனுமதி உண்டு. எந்த முறையானாலும் விசிறியை நிமிர்த்திச் செங்குத்தாகவே பொருத்துங்கள். படுக்கவைத்தால் நீர் தேங்கி விரைவில் கெடும்.

6. கூரை வழியே வெளியேற்றினால், வாய் தரையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் உயரத்தில், கூரை விளிம்புக்கு மேலே, ஜன்னல்களிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வெளியேற்றிய வாயு மாடிப் படுக்கையறை ஜன்னல் வழியே திரும்பினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

7. கண்ணில் படும் இடத்தில் குழாயில் ஒரு ‘யூ’ வடிவ மானோமீட்டர் (அழுத்தமானி) பொருத்துங்கள். அதன் வண்ணத் திரவம் இரு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் நின்றால் விசிறி உறிஞ்சுகிறது. சமமாக நின்றால் ஏதோ நின்றுவிட்டது. முதல் நாள் அளவை அதன் மேலேயே எழுதிவையுங்கள். அது காட்டுவது அழுத்தத்தை மட்டும். ரேடான் எவ்வளவு என்பதை அது சொல்லாது. குழாய் நெடுக ‘ரேடான் குழாய், வெட்டாதீர்கள்’ என்று ஒட்டுங்கள். நாளை வரும் பிளம்பர் அதைக் கழிவுக் குழாய் என்று நினைத்துவிடக் கூடாது.

விசிறியை ஓட்டியதும் புகைபோக்கியைப் பாருங்கள்

தரையில் கசிவு அதிகமாக இருந்தால் விசிறி நிலவறையின் காற்றையே இழுத்து அதன் அழுத்தத்தை மேலும் இறக்கிவிடும். அப்போது எரிவாயுக் கொதிகலனின் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். ரேடான் பல ஆண்டுகளில் செய்வதை அது ஓர் இரவில் செய்துவிடும். வீட்டின் எல்லா வெளியேற்று விசிறிகளையும் ரேடான் விசிறியையும் ஒன்றாக ஓடவிட்டு, கொதிகலனை எரியவிட்டு, புகைபோக்கியின் வாயில் புகைக்குச்சி பிடித்துப் பாருங்கள். புகை அறைக்குள் திரும்பினால் உடனே கொதிகலனையும் விசிறியையும் நிறுத்தித் தொழில்நுட்பரை அழையுங்கள். சோதனையில் தேறினாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கட்டும்.

வேறு அமைப்புள்ள நிலவறைகள்

நீர்க்குழியோடு அடித்தளத்தைச் சுற்றி வடிகால் குழாய் வளையம் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. மூடிய குழியிலிருந்தே உறிஞ்சினால் அந்த வளையம் நாற்புறமும் உறிஞ்சலைக் கொண்டுபோகும். தரையைத் துளைக்கவே வேண்டியிராது. வெற்றுக் கட்டைச் சுவர் உள்ள வீடுகளில் தரைக்கடி உறிஞ்சல் போதாமல் போனால், மேல்முனைகளை அடைத்த பிறகு சுவரின் உள்வெளியிலிருந்தும் உறிஞ்ச வேண்டிவரும். வெறும் மண் பகுதியில் தடித்த பாலித்தீன் விரிப்பைப் பரப்பி, விளிம்புகளைச் சுவரோடும் இணைப்புகளை ஓர் அடி மேற்படியவிட்டும் ஒட்டி, விரிப்புக்கு அடியிலிருந்து குழாயால் உறிஞ்சலாம்.

ஜன்னலும் காற்றோட்டக் கருவியும்

ஜன்னலைத் திறந்தால் ரேடான் குறையும், மூடினால் சில மணி நேரத்தில் திரும்பும். மாடி ஜன்னலை மட்டும் திறந்தால் கீழிருந்து இழுப்பு கூடவும் செய்யும். வெப்பத்தை மீட்டுக்கொண்டே காற்றை மாற்றும் கருவி நல்லதுதான், ஆனால் கணக்கைப் பாருங்கள்: ரேடானின் வரத்து மாறாதபோது, காற்று மாறும் வேகத்தை இரட்டித்தால் செறிவு பாதியாகும். பத்தில் ஒரு பங்காக்க வேகத்தைப் பத்து மடங்காக்க வேண்டும். எந்த வீடும் அதைத் தாங்காது. வரம்பைச் சற்றே மீறிய, காற்றோட்டம் போதாத வீட்டுக்கு இது பொருந்தும். 600 பெக்கரல் காட்டும் வீட்டுக்குப் பொருந்தாது. காற்றுச் சுத்திகரிப்பான் தூசியோடு ஒட்டிய துகள்கள் சிலவற்றைப் பிடிக்கும். ரேடான் வாயு அதன் வடிகட்டியைக் கடந்துபோய்விடும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் பயன்படுத்தும் வீட்டில், தரைக்கடி அமைப்பு நன்றாக ஓடியும் எண் இறங்கவில்லை என்றால் நீரையும் சோதியுங்கள். குளிக்கும்போது நீரிலிருந்து ரேடான் காற்றில் கலக்கும். நீரில் லிட்டருக்கு 10,000 பிக்கோகியூரி இருந்தால் வீட்டுக் காற்றில் சுமார் 1 பிக்கோகியூரி கூடும்.

மறுசோதனை

விசிறி ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழித்து, முதல் மாதத்துக்குள் ஒரு குறுகிய காலச் சோதனை செய்யுங்கள். முன்பு அளந்த அதே இடத்தில் கருவியை வையுங்கள். ஆளமர்த்தி வேலை செய்திருந்தால் இந்தச் சோதனையை அவரிடம் விடாமல் நீங்களே செய்வது நல்லது. அடுத்த குளிர்காலத்தில் மூன்று மாதச் சோதனை. எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லையென்றால், முதலில் அடைபடாத கசிவுகளைத் தேடுங்கள். பிறகு தூர மூலைகளில் மீண்டும் புகைச் சோதனை. அதற்கும் பிறகுதான் இரண்டாவது உறிஞ்சுமிடம் அல்லது வலுவான விசிறி.

மின்கட்டணத்தை மிச்சப்படுத்த விசிறியை இடையிடையே நிறுத்தாதீர்கள். நின்ற விசிறிக்குக் கீழே மண்ணின் அழுத்தம் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மானோமீட்டரை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். விசிறி பல ஆண்டுகள் உழைக்கும். சத்தம் கூடினாலோ திரவ மட்டம் நகர்ந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ரேடானை மீண்டும் அளவிடுங்கள். புதிய வெப்பமூட்டி, ஜன்னல் மாற்றம், நிலவறையில் புதிய அறை என எதைச் செய்தாலும், அந்த வேலை முடிந்த கையோடு இன்னொரு சோதனை செய்யுங்கள்; வீட்டுக்குள் காற்று நகரும் பாதை அப்போது மாறியிருக்கும்.